எட்டுப் பேரும் பாடாத இடம்

பாட்டில் நாயகி உருகிக்கொண்டிருப்பாள். அவளுக்குப் பின்னால், எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல, "ஆ... ஆ..." என்று ஒரு பெண்கள் கூட்டம் சேர்ந்துகொள்ளும். கேட்கிறவர்கள் யாரும் அந்தக் கூட்டத்தைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசிப்பதில்லை. யோசிக்க வைத்துவிட்டால் கூட்டத்துக்கு வேலை போய்விடும். கோரஸ் பாடுவதன் சூட்சுமமே அதுதான்.

அப்படியொரு கூட்டத்தில் இடப்பக்கமிருந்து மூன்றாவதாக நிற்பவளைப் பற்றியது இது. பத்தொன்பது வருஷமாக அதே இடம். அதனால் ஒலிப்பதிவுக் கூடங்களில் அவள் பெயரே மூணு என்றாகிவிட்டது. "மூணு, கொஞ்சம் பின்னாடி போ." "மூணு வந்தாச்சா?" வீட்டில் அவளுக்கு நல்லதாக ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. ஆனால் மூணு என்று கூப்பிட்டால்தான் சட்டென்று திரும்பினாள். ஒருமுறை கடைத்தெருவில் யாரோ பூட்டு வாங்க வந்தவர் "மூணு குடுங்க" என்று கேட்டதற்குத் திரும்பிப் பார்த்துத் தொலைத்தாள்.

மொத்தம் எட்டுப் பேர். இளையவளுக்கு முப்பத்தெட்டு, மூத்தவளுக்கு அறுபத்தொன்று. இரண்டு பேருக்கு மூட்டு வலி, ஒருத்திக்குச் சர்க்கரை, ஒருத்திக்கு மருமகள். இந்த எட்டுப் பேரும் வாயைத் திறந்தால், பதினேழு வயதுப் பெண்ணொருத்தி எட்டு மடங்காக நிற்கிற மாதிரிக் கேட்க வேண்டும். பாட்டுத் தொழிலில் பெண் குரல் என்றால் இப்படித்தான் என்று எந்தக் காலத்திலோ யாரோ முடிவு கட்டிவிட்டார்கள். தேன், பால், பட்டு, இவற்றைத் தவிர வேறெதுவும் அதில் கேட்கக் கூடாதாம். முடிவு கட்டியவரின் சொந்தக் குரல் எப்படி இருந்ததோ, அதை யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

கூட்டத்தை நடத்துபவர் பெரியக்கா. ஒரு காலத்தில் அவரும் வரிசையில் நின்று பாடியவர்தான். ஆறேழு வருஷத்துக்கு முன்னால், நடத்துவதற்கு ஓர் ஆள் வேண்டாமா என்று சொல்லி எதிரே வந்து நின்றுகொண்டார். கையில் ஒரு பென்சில். அதன் நுனியாலேயே எட்டுப் பேரையும் ஏற்றுவார், இறக்குவார், நிறுத்துவார். குரலை உயர்த்தி ஒரு வார்த்தை பேசமாட்டார். தாழ்ந்த குரலில் அவர் பேசப் பேசத்தான் மற்றவர்கள் இன்னும் ஒடுங்கி நிற்பார்கள். வளையல் போடக் கூடாது, சரசரக்கிற துணி உடுத்தக் கூடாது என்று பத்து விதிகள் இருந்தாலும் உயிரான விதி ஒன்றுதான்.

"பக்கத்துல நிக்கிறவ குரல் உனக்குக் கேக்கணும். உன் குரல் உனக்குக் கேக்கக் கூடாது. கேட்டுச்சுன்னா நீ அதிகமா பாடுறேன்னு அர்த்தம்" என்பார்.

மூணு இந்த விதிக்குப் பெயர்போனவள். அவள் பாடுகிறாளா இல்லையா என்று அவளுக்கே சந்தேகம் வரும் அளவுக்குக் கலந்து பாடுவாள். சில இடங்களில் அந்தச் சந்தேகம் நியாயமானதுகூட.

ஏனென்றால் அவள் குரலில் ஒரு கோளாறு இருந்தது. ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குப் போனால் அது இரண்டாகப் பிளந்துவிடும். ஒரு பாதி சமர்த்தாக மேலே போய்விடும். இன்னொரு பாதி வரமாட்டேன் என்று கீழேயே முரட்டுத்தனமாக நின்றுகொள்ளும். அந்த உயரத்துக்கு மேலே போனால் தொந்தரவில்லை, கீழே இருந்தாலும் தொந்தரவில்லை. அந்த ஒரே ஒரு படியில்தான் தகராறு. பதினோரு வயதில் பள்ளிக்கூட மேடையில் தனியாகப் பாடும்போது அது முதன்முதலாக நடந்தது. கூடமே சிரித்தது. தலைமையாசிரியர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் நிதானமாக ஒரு யோசனை சொன்னாள்.

"பாட்டு பூரா நல்லாத்தான் இருக்கு. அந்த ஒரு இடம் வர்றப்ப மட்டும் வாயை அசைச்சுட்டு விட்டுடு. நாலு பேரோட சேந்து பாடுறப்ப யாருக்குத் தெரியப் போகுது?"

அம்மா அதை அன்பில்தான் சொன்னாள். முப்பது வருஷத்துக்கு மேலாக மகள் அந்த அன்பைத் தட்டவில்லை. பாட்டுத் தாள் கைக்கு வந்ததும், ஒருமுறை மனசுக்குள் பாடிப் பார்த்து, அந்தப் படி எங்கெங்கே வருகிறதோ அந்த எழுத்துகளுக்கு மேலே பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிடுவாள். புள்ளி வரும்போது வாய் திறந்திருக்கும், புருவம் உயரும், கண்கூடக் கலங்கும். சத்தம் மட்டும் வராது. ஒரு பாட்டில் இருபத்திரண்டு புள்ளி விழுந்தது. அன்றைக்குக் கிட்டத்தட்ட சும்மா நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தாள். அந்தப் பாட்டு ஊரெல்லாம் ஒலித்தது. மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற அவள் வீட்டுக்காரர், "இதுல நீ பிரமாதமா பாடியிருக்கே" என்று வேறு சொல்லிவிட்டார். அவள் மென்று விழுங்கினாள்.

இப்படியே ஓய்வு பெறுகிற வயது வரைக்கும் ஓட்டியிருக்கலாம். ஆனால் ஒண்ணாம் இடத்தில் நின்றவள் மகன் வீட்டோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். தொண்டை என்றால் அது தொண்டை. மற்ற ஏழு பேரும் ஒரே நேரத்தில் இருமினாலும் அவள் ஒருத்தி இழுத்துக்கொண்டு போய்விடுவாள். புது ஆள் வந்து கலக்க ஆறு மாதமாகும் என்று சொல்லி, பெரியக்காவே ஒண்ணாம் இடத்தில் வந்து நின்றார். எல்லாருக்கும் நிம்மதி. பழைய பாடகி, அனுபவசாலி, இனி கவலையில்லை.

நான்கு மாதம் கழித்து அந்தப் பாட்டு வந்தது. இசையமைப்பாளர் புதியவர். முப்பது வயது இருக்கும். பேசும்போது தரையைப் பார்ப்பார், கேட்கும்போது ஆளைப் பார்ப்பார். அதுவரை எட்டுப் பேரும் இரண்டே மைக்கைச் சுற்றி நின்று பாடித்தான் பழக்கம். இவரோ ஆளுக்கொரு மைக் வைத்தார், காதுக்கு ஒரு ஹெட்போன் கொடுத்தார். கேட்கிறவரைச் சுற்றி எட்டுத் திசையிலிருந்தும் குரல்கள் வர வேண்டும், அதற்கு ஒவ்வொன்றும் தனியாகப் பதிவாக வேண்டும் என்று தரையைப் பார்த்து விளக்கினார். எட்டுப் பேரும் தலையாட்டினார்கள். எட்டு முகமும் ஒரே நேரத்தில் வெளுத்ததை அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை.

பாட்டு ஒன்றும் பெரிய தத்துவமில்லை. மாடியில் இருப்பவள் கீழே இருப்பவனைக் கூப்பிடுகிறாள். கோரஸுக்கு ஒரே வரி: "படியேறி வா, படியேறி வா, மேலே." அந்த "மேலே"யில்தான் ராகம் உச்சிக்குப் போய் நிற்க வேண்டும். மூணு தாளைப் பார்த்தாள். உச்சி, மிகச் சரியாக அவளுடைய படி. புள்ளி வைத்தாள்.

பாடி முடித்தார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷ அனுபவம். எல்லாரும் அவரைக் காதண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பதிவைத் திருப்பிப் போட்டார். படியேறி வா. படியேறி வா. அப்புறம் ஒன்றுமில்லை. "மேலே" இருக்க வேண்டிய இடத்தில் வெறும் அமைதி. எட்டுப் பெண்கள் வா வா என்று கூப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி இருந்தது.

இயந்திரக் கோளாறு என்றார் பெரியக்கா. மறுபடி பாடினார்கள். மறுபடியும் அதே பள்ளம். மூன்றாவது முறையும் அப்படியே. இசையமைப்பாளருக்குக் கோபம் வரவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. இதில் ஏதோ இருக்கிறது, நாளைக் காலையில் எட்டுத் தடங்களையும் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நடைபாதையில் பெரியக்கா எல்லாரையும் நிறுத்தினார். பாடாமல் நின்றவள் யாரென்று இன்று சாயங்காலத்துக்குள் தன்னிடம் போனில் சொல்லிவிட வேண்டும். சொன்னால் அவள் மட்டும் கௌரவமாக விலகிக்கொள்ளலாம். சொல்லாவிட்டால் அந்தப் புது இசையமைப்பாளர் நாளைக்கே வேறு குழுவைக் கொண்டுவந்துவிடுவார், எட்டுப் பேர் வயிற்றிலும் அடி விழும். இவ்வளவையும் வழக்கம்போலத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

பேருந்தில் மூணு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவளுக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான். கலந்து நிற்பது. நாற்பத்து நான்கு வயதில் இனி எங்கே போய் என்ன கற்றுக்கொள்வது? பாதி வழியில் போனைக் கையில் எடுத்துவிட்டாள். நான்தான் அக்கா என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. அப்போதுதான் அவள் மண்டைக்குள் ஒரு கேள்வி எட்டிப் பார்த்தது. சரி, நான் பாடவில்லை. மற்ற ஏழு பேர் எங்கே போனார்கள்?

கேள்வி என்றால் சாதாரணக் கேள்வியில்லை. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போனபிறகுதான் அவள் விழித்துக்கொண்டாள். நடந்து வரும்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஆறாம் இடத்தில் நிற்கிற ஆறு தன் தாளில் சில வார்த்தைகளுக்குக் கீழே கோடு போடுவாள். எட்டு தாளின் ஓரத்தைச் சின்னச் சின்னதாக மடிப்பாள். நாலு ஒரு சிவப்புப் பேனா வைத்திருப்பாள். மூச்சு வாங்குகிற இடத்துக்கு அடையாளம் வைக்கிறார்கள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆறுக்குப் போன் செய்தாள். சுற்றி வளைக்கத் தெரியாது அவளுக்கு. "நான் அந்த 'மேலே'யைப் பாடல. நீ பாடுனியா?" என்று கேட்டாள்.  அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு, அதன் முடிவில் ஓர் அழுகை. மூச்சு அவ்வளவு தூரம் வருவதில்லையாம் ஆறுக்கு, இரண்டாவது பிரசவத்திலிருந்து. அந்தப் பெண்ணுக்கு இப்போது கல்யாண வயது.

அதற்குப் பிறகு மூணுக்கு நிலைகொள்ளவில்லை. ஒருத்தி விடாமல் கூப்பிட்டாள். நாலுக்குக் கட்டிய பல், உச்சியில் பாடினால் விசிலடிக்கிறது. எட்டுக்கு மூக்கால் போய்விடும், வாத்து மாதிரி இருக்கிறது என்று மாமியார் சொன்ன நாளிலிருந்து அந்தப் பக்கமே போவதில்லை. ரெண்டு என்பவள் இருபது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு பெரிய மனிதரிடம் அந்த உச்சிக்காகத் திட்டு வாங்கியிருக்கிறாள். அந்த மனிதரே செத்துப் பத்து வருஷமாகிறது, பயம் மட்டும் சாகவில்லை. அஞ்சு உச்சியில் கத்திவிடுவாளாம். ஏழுதான் சிகரம். அவளுக்கு எந்தக் குறையும் இல்லை. ஆறு வாயை மூடினால் தானும் மூடிவிடுவாள், ஆறு காரணமில்லாமல் செய்யமாட்டாளே என்று.

எல்லாரும் சொன்ன கடைசி வாக்கியம் ஒன்றுதான்: மற்றவர்கள் பாடுகிறார்களே என்று விட்டுவிட்டேன்.

பெரியக்காவை மட்டும் அவள் கூப்பிடவில்லை. பெரியக்காவிடம் போய் யாராவது இப்படிக் கேட்பார்களா?

போனை வைத்துவிட்டுச் சமையலறையில் நின்றாள். ஆறு பேருடைய கோளாறும் தெரிந்துவிட்டது. தன்னுடையது எப்படிக் கேட்கும் என்றுதான் தெரியவில்லை. அதைக் கடைசியாகக் கேட்டபோது வயது பதினொன்று, கேட்டதுகூடச் சிரிப்புச் சத்தத்துக்கு நடுவில். கதவைச் சாத்தினாள். படியேறி வா, படியேறி வா என்று மெதுவாகத் தொடங்கி, "மேலே"யில் வாயை மூடாமல் விட்டாள். குரல் பிளந்தது. தொண்டைக்குள் யாரோ ஒரு தகரத்தைக் கிழிப்பது போலவும் இருந்தது, அதே சமயம் அந்தக் கிழிசலுக்கு மேலே ஏதோ ஒன்று சுத்தமாக நின்றது போலவும் இருந்தது. இன்னொரு தரம் பாடினாள். கூச்சமாக இருந்தது. ஆனாலும் மூன்றாவது தரமும் பாடினாள்.

மகள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். பதினான்கு வயது, எதையும் லேசில் லட்சியம் செய்யாத வயது. சமையலறையைச் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "கூட யாரும்மா பாடுறது?" என்று கேட்டாள்.

"யாருமில்லடி. நான்தான்."

"ரெண்டு பேர் பாடுற மாதிரி இருந்துச்சு." அவ்வளவுதான் சொன்னாள். கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். ஆனால் அவள் சிரிக்கவில்லை. அன்று இரவு படுக்கும் வரைக்கும் மூணு அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை மற்றவர்களுக்கு முன்னால் போய்விட்டாள். கூடத்தில் காதண்ணன் மட்டும் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நடந்ததை ஒளிவு மறைவில்லாமல் சொல்லி, அந்த ஒரு வரியைத் தனியாகப் பாடிப் பார்க்க வேண்டும், தன் காதால் கேட்க வேண்டும், அப்புறம் என்ன ஆனாலும் சரி என்றாள். அவர் துணியை வைத்துவிட்டு மூன்றாவது மைக்கைத் திறந்தார்.

பாடினாள். திருப்பிப் போட்டார். ஹெட்போனில் வந்த குரலைக் கேட்டு மூணு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அழகு என்று சொல்லத் தோன்றவில்லை. ஆனால் வேறு யாராலும் பாட முடியாத ஒன்று அது. மேலே போகிறவளும் அதில் இருந்தாள், வரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறவளும் இருந்தாள். இத்தனை வருஷம் இவளையா வாயை மூடு, வாயை மூடு என்று அடக்கி வைத்திருந்தேன் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டியது. கூடவே கோபமும் வந்தது. அம்மாமேல் இல்லை, யார்மேல் என்றும் தெரியவில்லை.

அழுது முடிவதற்குள் அடுத்த ஆசை வந்துவிட்டது. மற்றவர்களுடையதையும் ஒவ்வொன்றாகப் போடச் சொன்னாள். காதண்ணனும் போட்டார். நாலின் குரலில் ஒரு மணல் நெருநெருப்பு இருந்தது. எட்டின் குரல் மூக்கை ஒட்டிக்கொண்டு, குறும்பாக, யாரையோ வம்புக்கு இழுப்பது போலிருந்தது. பத்தொன்பது வருஷம் பக்கத்தில் நின்றும் இவர்களை அவள் கேட்டதே இல்லை. ஒவ்வொருத்தியும் "மேலே" வந்ததும் பட்டென்று நின்றாள். கடைசியில் ஒண்ணாம் மைக். காதண்ணன் கொஞ்சம் தயங்கினார்.

படியேறி வாவும் இல்லை, மேலேயும் இல்லை. பாட்டின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை, மூக்கால் விடும் மூச்சு மட்டும் கேட்டது.

"கேபிள் கெட்டுப்போச்சோன்னு நேத்து ரெண்டு தடவை மாத்திப் பாத்தேன்மா" என்றார் காதண்ணன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அதற்குள் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். இசையமைப்பாளர் மூணின் பதிவைக் கேட்டார். மறுபடி கேட்டார். இது யாரென்று விசாரித்து, மற்றவர்கள் ஏன் உச்சியில் நிறுத்தினார்கள் என்பதையும் கேட்டுக்கொண்டு, அவளை நேராகப் பார்த்தார். அந்த இடத்தில் இந்தக் குரலை முன்னால் விடப்போவதாகவும், மற்றவர்களும் எதையும் ஒளிக்காமல் வருகிறபடி பாடினால் போதும், விசிலும் மூக்கும் அப்படியே இருக்கட்டும் என்றும் சொன்னார். நாலு கையால் வாயை மூடிக்கொண்டாள். எட்டு, தன் மாமியார் இன்னும் உயிரோடு இருப்பதாக ஞாபகப்படுத்தினாள்.

 பெரியக்கா மூணின் முழங்கையைப் பிடித்து நடைபாதைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"அந்தப் பையனுக்கு இது ஒரு பாட்டு. உனக்கு இது சோறு" என்று ஆரம்பித்தார். "இந்தக் குரலை ஒரு தடவை கேட்டவன் மறக்க மாட்டான். அப்புறம் எந்தக் கும்பல்ல நின்னாலும் உன்னைத்தான் முதல்ல கண்டுபிடிப்பான். கண்டுபிடிக்கிற குரலைக் கோரஸ்ல யாரு வெச்சுப்பா? உன்னை எவனும் கூப்பிட மாட்டான், மூணு. நானே கூப்பிட முடியாது."

மிரட்டல் இல்லை, உண்மையைத்தான் சொன்னார்.  பெரியக்கா இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்தார். அந்தப் பதிவை அழித்துவிடச் சொல் என்றார். உச்சிக்கு வெளியிலிருந்து ஓர் ஆளை ஏற்பாடு செய்துகொள்ளலாம். மூணின் இடம் மூணுக்கே, சாகும்வரைக்கும். அப்புறம், எங்கோ சுவரைப் பார்த்துக்கொண்டு, ஒரு சின்ன உதவி வேண்டும் என்றார். ஒண்ணாம் மைக்கிலும் அவளே நைசாகப் பாடிக் கொடுத்துவிட வேண்டும்.

"ஒண்ணாம் மைக்கைக் காலையிலயே கேட்டுட்டேன்க்கா" என்றாள் மூணு.

பெரியக்கா முகத்தில் ஈயாடவில்லை. சுவரோரம் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால் கழுத்தில் நடந்த ஆபரேஷனைப் பற்றிச் சொன்னார். கட்டி போய்விட்டது. கூடவே குரலும் இறங்கிவிட்டது. ஆம்பளைக் குரல் என்றார். பேசும்போது மெதுவாகப் பேசிச் சமாளித்துவிடலாம், பாட்டில் எப்படிச் சமாளிப்பது? அதனால்தான் எதிரே வந்து நின்றுகொண்டார். ஒண்ணு ஊரைவிட்டுப் போகாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. வீட்டில்கூடப் பாடிப் பார்த்ததில்லையாம். ஒரு தாலாட்டுக்கூட இல்லை, பேரன் பிறந்தபோதும்.

மூணு அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பாவமாக இருந்தது. ஆனால் பாவத்தைவிட அதிகமாக இன்னொன்று அவளைப் பிடித்துத் தள்ளியது. நேற்று பேருந்தில் ஆரம்பித்த அதே அரிப்பு.

"அக்கா, என்னோடதை நான் அழிக்க மாட்டேன். வேலை போனா போகட்டும், பயமாத்தான் இருக்கு, என்ன செய்யிறது? உங்களோடதையும் நான் பாட மாட்டேன். உங்க குரல் எப்படி இருக்கும்னு எனக்குக் கேக்கணும்போல இருக்கு. அவ்வளவுதான்."

 பெரியக்கா எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார். வீட்டுக்குத்தான் கிளம்பப் போகிறார், பையை எடுக்கப் போகிறார் என்று நினைத்தாள் மூணு. அவர் நேராக ஒண்ணாம் மைக்குக்குப் போனார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்துத் தலையசைத்தார். பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"படியேறி வா" என்றது ஒரு குரல். அது மாடியிலிருந்து வரவில்லை. வீட்டுக்கு அடியில் எங்கோ, யாரும் இறங்கிப் பார்க்காத ஓர் அறையிலிருந்து வந்தது. கனமாக, கொஞ்சம் கரகரத்து, அவசரமில்லாமல். இரண்டாவது முறை கூப்பிட்டபோது அந்தக் குரல் கொஞ்சம் துணிந்தது. "மேலே" என்ற இடத்தில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அது மேலே போகவில்லை. அடி ஆழத்துக்கு இறங்கி, அங்கே அசையாமல் நின்றது. கீழிருந்து கூப்பிட்டாலும் போகத்தான் தோன்றும் போலிருந்தது அந்தக் குரலுக்கு.

பெரியக்கா கண்ணைத் திறந்து, "அழிச்சுடுங்க" என்றார்.

காதண்ணன் அழிக்கவில்லை. இசையமைப்பாளரைக்கூடக் கேட்காமல், அதைத் திருப்பிப் போட்டார். பெரியக்கா தன் குரலைக் கேட்டார். முதலில் கை தானாகப் போய்க் கழுத்தைத் தொட்டது. அப்புறம் தலையைச் சாய்த்து, வேறு யாரோ பாடுவதைக் கேட்பது போல, முகத்தைச் சுளிக்காமல் கடைசி வரை கேட்டார். மூணு பக்கத்தில் வந்து நின்றாள்.

"இனிமே நம்மள எந்தக் கும்பல்ல சேத்துப்பாங்க?" என்று கேட்டார் பெரியக்கா. மெதுவாகப் பேசவில்லை. அந்தக் குரலிலேயே கேட்டார்.

"தெரியலக்கா."

 பெரியக்கா ஹெட்போனைக் கழற்றவில்லை.

"சரி" என்றார். "இன்னொரு தடவை போடச் சொல்லு."